பஞ்சுத் தாடிக்குள் மாப்பிள்ளை

டிசம்பர் 2

மாட்சிமை தாங்கிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உம் மனைவியின் ஒரே அண்ணன், உம் பிள்ளைகளின் ஒரே தாய்மாமன், பதினேழு கட்டடங்களின் லிஃப்ட்டுகளை ஏற்றி இறக்கும் சக்கரவர்த்தி, உம் வீட்டு மாடி அறையிலிருந்து எழுதிக்கொள்வது. இந்தக் கடிதத்தில் வரப்போகும் எதையும் உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று என் ஸ்பேனர் மேல் ஆணையாகச் சொல்கிறேன். நீர் ஒருவர் நம்பினால் எனக்குப் போதும்.

போனில் பேசலாமே என்பீர். நான் வாயைத் திறந்ததும் "டூட்டிக்கு நேரமாச்சு மச்சான்" என்று வைத்துவிடுகிறீர். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பாரும். வைத்தாலும் மேசைமேல் கிடந்து முறைக்கும்.

வீட்டுச் செய்தி. கிறிஸ்துமஸ் மரம் வந்துவிட்டது. அதன் உயரத்தைச் சொன்னால் நீர் ஓட்டுகிற துறைமுகக் கிரேனுக்குப் பொறாமை வரும். உச்சியில் நட்சத்திரம் கட்ட காலையில் ஏறினவன், மதியச் சாப்பாட்டை மேலேயே முடித்துக்கொண்டு சாயங்காலம்தான் இறங்கினேன். நடுவில் ஒரு விமானம் வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்தது. உம் நாலு வயது மகன் பீரங்கி கீழே நின்று, "மாமா, கோணலா இருக்கு!" என்று கத்தினான். அக்கம்பக்கத்தில் மூன்று வீட்டார் அவசரமாக வெளியே வந்து தங்கள் நட்சத்திரங்களை நிமிர்த்தினார்கள்.

பெரியவளுக்கு ஏழு முடிந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் என்று நான் வைத்த பெயர் நாளுக்கு நாள் பொருந்துகிறது. கேக் மாவில் திராட்சையை எண்ணாமல் கொட்டிவிட்டேன் என்று என்னை அரைமணி நேரம் சுவரைப் பார்த்து நிற்கவைத்தாள். தங்கை நலம். இப்போதெல்லாம் பாத்திரம் கழுவும்போது பாடுகிறாள். தாங்க முடியாமல் நம் தெருவின் நாய்கள் மொத்தமாக வேறு ஊருக்குக் குடிபோய்விட்டன.

பிள்ளைகள் உம்மைக் கேட்காத நாளே இல்லை. "அப்பா எங்கே" என்று அவர்கள் அழுத கண்ணீரில் கூடத்தில் என் செருப்பு மிதக்கிறது. நேற்று அதன்மேல் ஏறித் துடுப்புப் போட்டுத்தான் சமையலறைக்குப் போனேன்.

இருபத்து நாலாம் தேதி வாரும் மாப்பிள்ளை. ஒரு வருஷம் போதும்.

தண்ணீரில் தத்தளிக்கும்,
மச்சான்


டிசம்பர் 8

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. கிரேன் கேபினில் உட்கார்ந்து படித்தேன். கீழே நின்ற சிக்னல்காரர், "என்ன சார், மேல தனியா சிரிக்கிறீங்க?" என்று கேட்டார். நாய்கள் குடிபோன இடம்வரைதான் சிரித்தேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கதை வேண்டாம்.

போன வருஷம் இதே இருபத்து நாலாம் தேதி மரத்தைத் தூக்கி எறிந்தவன் நான். மரத்தில் தொங்கி உடைந்த கண்ணாடிக் குண்டின் சில்லு பெரியவள் காலில் ஏறி மூன்று தையல் போட வேண்டியிருந்தது. எதற்கு அவ்வளவு ஆத்திரம் என்று யோசித்துப் பார்க்கிறேன். சாப்பாடு ஆறிப்போயிருந்தது என்று நினைக்கிறேன். அதற்குமேல் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "நானா கூப்பிடுற வரைக்கும் வராதீங்க" என்று உங்கள் தங்கை சொன்னாள். இன்னும் கூப்பிடவில்லை.

பிள்ளைகள் என்னைக் கேட்பது நிஜமா? ஆமாம், இல்லை, ஒரே வார்த்தையில் எழுதுங்கள். ஆமாம் என்றால் லீவு போடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்


டிசம்பர் 13

மாப்பிள்ளை,

ஆமாம்.

என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறிய வாக்கியம் இதுதான். பழக்கமில்லாத வேலை, கை வலிக்கிறது.

இனி யுத்தத் திட்டம். தங்கையிடம் கேட்டால் வேண்டாம் என்பாள். ஆகவே கேட்கப்போவதில்லை. இத்துடன் வரும் பார்சலில் என் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் இருக்கிறது. அந்தத் தாடிக்காக மூன்று மெத்தைகள் உயிர்த்தியாகம் செய்திருக்கின்றன, பத்திரம். நான் இனி அதைப் போட முடியாது. முந்தின தடவையே ஹெட்மாஸ்டர் என் தொப்பையைத் தட்டிப் பார்த்து, "இது மாமா வயிறு" என்று சபையில் அறிவித்துவிட்டாள். உமக்கு அந்தப் பாக்கியம் இல்லை, ஒரு தலையணை கட்டிக்கொள்ளும்.

இருபத்து நாலு, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவைத் தட்டும். தாத்தா வேஷத்தில் வருவது என்னோடு லிஃப்ட் வேலை பார்க்கிறவர் என்று தங்கையிடம் சொல்லிவைக்கிறேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தங்களுக்கு என்ன வேண்டும் என்று உம் காதில் சொல்வார்கள். வாயைத் திறக்காதீர், குரல் காட்டிக்கொடுத்துவிடும். என்ன கேட்டாலும் சரி என்று தலையை மட்டும் ஆட்டும். முடிந்ததும் நான் இருமுவேன். தாடியைக் கழற்றும். அப்புறம் பாரும். பீரங்கி பாய்வான், தங்கை அழுவாள், அழுதுகொண்டே சிரிப்பாள், வீட்டுக் கூரை ஒரு முழம் உயரும்.

மகா தளபதி,
மச்சான்


டிசம்பர் 26

மச்சானுக்கு,

நீங்கள் இருமியது கேட்டது. நாலு தடவை இருமினீர்கள். ஐந்தாவது தடவை உங்கள் தங்கை உங்களுக்கு வெந்நீர் கொண்டுவர உள்ளே போனாள். அந்த நேரத்தில்தான் எழுந்து வெளியே வந்தேன். சொல்லாமல் வந்ததற்கு மன்னிக்கவும்.

சின்னவன் மடியில் ஏறினான். கனமாகிவிட்டான். தீயணைப்பு வண்டி வேண்டும் என்றான். தலையாட்டினேன். தாடியை முகர்ந்து பார்த்துவிட்டு, "மெத்தை வாசனை வருது தாத்தா" என்றான்.

பிறகு பெரியவள் வந்தாள். மடியில் உட்காரவில்லை. நின்றபடியே இரண்டு கையையும் என் காதைச் சுற்றிக் குவித்துக்கொண்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தாத்தா, எனக்குப் பொம்மை எல்லாம் வேணாம். எங்க அப்பா வீட்டுக்கு வரக் கூடாது. வந்தா அம்மா மறுபடியும் ரகசியம் சொல்ற மாதிரியே பேச ஆரம்பிச்சிடுவாங்க. தம்பிக்கு இதெல்லாம் தெரியாது, சின்னப் பையன். நான்தான் பாத்துக்கணும். சரியா?"

என்ன கேட்டாலும் தலையாட்டச் சொன்னீர்கள். ஆட்டினேன்.

"நிஜமா?" என்றாள். மறுபடியும் ஆட்டினேன். தாடிமேல் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத் தம்பியிடம் ஓடிப்போனாள். அவள் அப்படி ஓடி நான் பார்த்து நாளாயிற்று. கால் நன்றாக ஆறிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

வேஷத்தை ரயில் நிலையக் குளியலறையில் கழற்றினேன். துவைத்து அனுப்புகிறேன். அடுத்த வருஷம் வரச்சொல்லி எழுதாதீர்கள். அவளிடம் சரி என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா


டிசம்பர் 31

மாப்பிள்ளை,

உம் கடிதத்தைத் தங்கையிடம் காட்டிவிட்டேன். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லிஃப்ட்டுக்குள் தனியாக நிற்க முடியவில்லை. படித்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்து என் பொண்ண ஏமாத்தியிருக்கீங்க அண்ணா" என்றாள். அவ்வளவுதான். மூன்று நாளாக மாடிக்குச் சாப்பாடு வருகிறது, பேச்சு வரவில்லை. பாட்டும் இல்லை.

உமக்கு ஒரு பிரமாதமான பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியும்விட்டேன். ஹெட்மாஸ்டர் உம்மை வாசலிலேயே கண்டுபிடித்துவிட்டாளாம், சும்மா சோதித்துப் பார்த்தாளாம், நீர் போனதும் தெருமுனைவரை வெறுங்காலோடு ஓடிவந்தாளாம், பீரங்கி போட்ட கூச்சலில் உம் ரயில் பயந்துபோய் நடுவழியில் நின்றதாம். ரயில் எங்கேயும் நின்றதா மாப்பிள்ளை? நின்றிருக்காது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

கிழிக்க வேண்டியது இன்னும் இருக்கிறது. மரம் என் இடுப்பு உயரம். உச்சிக்கு நான் ஏறவில்லை, குனிந்து கட்டினேன். கூடத்தில் வெள்ளமும் இல்லை. பிள்ளைகள் உம்மைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகிறது. ஆமாம் என்று எழுதினேனே, அந்த விமானம் ஹாரன் அடித்ததைவிடப் பெரிய பொய் அது. விமானத்தை நீர் நம்பவில்லை. இதை நம்பி லீவு போட்டு, பதினொரு மணி நேரம் தலையணையும் கையுமாக ரயிலில் வந்தீர். என்னை என்ன சொன்னாலும் தகும்.

வாரும் என்று இனி நான் எழுதமாட்டேன். கூப்பிடுவதானால் தங்கை கூப்பிடட்டும், அல்லது ஹெட்மாஸ்டர் கூப்பிடட்டும். கூப்பிடாமலும் போகலாம். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஒன்றே ஒன்று. சின்ன விஷயம். நேற்றுக் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஹெட்மாஸ்டர், வாய் நிறைய நுரையோடு என்னைப் பார்த்தாள்.

"மாமா, நாம காதுல சொல்றதை எல்லாம் தாத்தா வெளியில சொல்லிடுவாரா?"

"யார்கிட்ட?"

"அப்பாகிட்ட."

"சொல்லவே மாட்டார்" என்றேன்.

துப்பினாள். வாய் கொப்பளித்தாள். பிரஷ்ஷை உதறி டம்ளரில் வைத்தாள்.

"சொல்ல வேணாம் மாமா. அப்பா பாவம்."

பிள்ளைகளைப் பற்றி இத்தனை கடிதத்திலும் நான் ஜோடிக்காமல் எழுதியது இந்த ஒன்றுதான்.

மச்சான்