நடிப்பவர்: என் அம்மா

மார்ச் 4

உலக சினிமாவின் கடைசி நம்பிக்கையும் என் தங்கை பெற்ற ஒரே பிரச்சினையுமான மருமகனுக்கு,

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் நிறுவனர், முதல்வர், ஒரே ஆசிரியர், கார் கழுவுபவன் ஆகிய உன் மாமன் எழுதுவது. போனில் பேசினால் நான் மூச்சு விடுவதற்குள் 'மாமா, இன்னொரு கால் வருது' என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மேசையில் கிடந்து உன்னை முறைக்கும்.

உன் விண்ணப்பத்தைப் பார்த்தேன். என்னிடம் கார் பழக வரும் பல் டாக்டரம்மா ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே போனில் காட்டினார். இருவரும் உன் கலையில் மூழ்கிய நேரத்தில் ஒரு மின்கம்பம் லேசாகத் தலை வணங்கியது. அதை உன் முதல் விருதாக எடுத்துக்கொள்.

முகம் தெரியாதவர்களிடம் ஆளுக்குக் கொஞ்சமாகத் திரட்டிப் படம் எடுப்பதற்குக் கூட்டு நிதி என்று பெயராமே? நான் பார்த்த வரையில் இதை பஸ் ஸ்டாண்டில் செய்வார்கள், கையில் ஒரு தகர டப்பாவோடு. அவர்கள் பரிசுத் திட்டம் அறிவித்ததில்லை. நீ அறிவித்திருக்கிறாய். சின்னத் தொகை என்றால் படத்தின் முடிவில் பெயர். கொஞ்சம் கூட என்றால் கதாநாயகி போர்த்திய கிழிந்த போர்வையில் ஒரு துண்டு, இயக்குநர் கையெழுத்துடன். பெரிய கை என்றால் உன்னோடு ஹோட்டலில் ஒரு விருந்து. பட்டினியைப் பற்றிய படத்துக்கு விருந்து! இப்படி ஒரு யோசனை உதிக்க, மண்டைக்குள் எவ்வளவு காலி இடம் வேண்டும்!

அதெல்லாம் போகட்டும். விண்ணப்பத்தோடு போட்டிருக்கிறாயே ஒரு வீடியோ, அதில் அடுப்படியில் உட்கார்ந்து, காலிப் பாத்திரத்தை விரலால் வழித்து நக்கிவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாளே, அது யார்? அவள் புருஷன் செத்த அன்றுகூட நான் அவள் அழுது பார்த்ததில்லை. சீருடை தைக்கிற பட்டறையில் ஒரு பார்வையில் இருபது மெஷினையும் ஓட வைக்கிறவள். அவளையா இப்படி உட்கார வைத்தாய்?

பதில் போடு. போடாவிட்டால் நேரில் வருவேன். காரில் வருவேன். நானே ஓட்டி வருவேன்.

கண்ணீரும் எரிச்சலும் சமமாக,
மாமா


மார்ச் 11

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்து என் அறை நண்பன் உருண்டு உருண்டு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடியோவில் இருப்பது அம்மாதான். நடிப்புதான். 'ரெண்டு நிமிஷம் உக்காரும்மா' என்றேன், உட்கார்ந்தாள். அழச் சொன்னேன், அழுதாள். 'நல்லா வந்துச்சாடா? இன்னொரு தடவை வேணா செய்யவா?' என்று அவளே கேட்டாள். கடைசியில் 'நடிப்பவர்: என் அம்மா' என்று போட்டிருக்கிறேன். நீங்கள் அதுவரை பார்த்திருக்க மாட்டீர்கள். யாருமே எதையும் கடைசிவரை பார்ப்பதில்லை, அதுதான் இந்த நாட்டின் ரசனை. நாலு பாட்டும் ஒரு சண்டையும் இருந்தால் வரிசையில் நிற்பார்கள், பசியைக் காட்டினால் கொட்டாவி விடுவார்கள்.

வேலையை விட்டு வந்து இந்த ஒரு கதையைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். ஏறாத தயாரிப்பாளர் வாசல் இல்லை. ஒருவர் பேய் சேர்க்கச் சொன்னார். இன்னொருவர், கதையில் வரும் தாயை இளமையாக்கச் சொன்னார். அதனால்தான் கை நீட்டினேன். நீங்கள் கேலி செய்யலாம். ஆனால் அம்மா முகம் வந்த நாளிலிருந்து பணம் வருகிறது மாமா. பாதி தாண்டிவிட்டது. இது நடக்காவிட்டால் எனக்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

உங்கள் மாணவர்களுக்கும் அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்


மார்ச் 19

பசிப்பிணி இயக்குநர் அவர்களின் சமூகத்துக்கு,

என் மாணவர்களுக்கு அனுப்பவில்லை. அவர்கள் ஏற்கெனவே உயிரைப் பணயம் வைத்துத்தான் என்னிடம் படிக்கிறார்கள்.

ஆனால் நீ கவலைப்படாதே. உன் புகழ் தானாகவே பட்டறைக்குள் நுழைந்துவிட்டது. போன வாரம் உன் அம்மா வேலைக்குப் போனபோது அவள் நாற்காலியில் ஒரு பெரிய பை. உள்ளே பழைய துணி. எல்லாமே துவைத்தது, ஒன்றில்கூட பட்டன் கிடையாது. இவளுக்கு விளங்கவில்லை. மதியம் ஒருத்தி மெதுவாக வந்து தன் டப்பாவிலிருந்து பாதியை இவள் தட்டில் தள்ளி, 'அக்கா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?' என்று மூக்கைச் சிந்தினாளாம். அப்புறம்தான் ஆளுக்கொரு போனாக எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். உன் அறிவிப்பில் 'இது என் வீட்டுக் கதை' என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறார்களாம்.

'ஐயோ, அது நடிப்பு' என்று இவள் சொன்னாள். நம்பவில்லை. மூன்றாம் தடவை சொன்னபோது, 'பாவம், கௌரவத்துக்காக மறைக்குது' என்று தீர்ப்பு வந்துவிட்டது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்த ஒரு மனுஷி, நான் பட்டினி இல்லை என்று நிரூபிக்க என்னதான் செய்ய வேண்டும்? ஏப்பமா விட வேண்டும்?

இதுவரைக்கும் சொல்லி நானும் அவளும் சிரித்தோம். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் குழந்தை தொட்டிலோடு எழுந்து நடந்தது. அடுத்ததற்குச் சிரிப்பு வரவில்லை.

முதலாளியம்மா அழைத்தாராம். உனக்குத்தான் தெரியுமே, துணி, நூல், பட்டன் எல்லாம் இருக்கும் அறைச் சாவி உன் அம்மா இடுப்பில்தான் இருக்கும். ராத்திரி தூங்கும்போதுகூடத் தலையணைக்கு அடியில் வைப்பாள். அந்தச் சாவியை முதலாளியம்மா சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார். 'உனக்கு எதுக்கு இந்தப் பாரமெல்லாம்? கஷ்டத்துல இருக்கிறவங்க கண்ணு முன்னாடி இதையெல்லாம் வச்சு நாம சோதிக்கக் கூடாது. நாமளும் மனுஷங்கதானே.'

கேட்டாயா அந்தக் கருணையை? ஏழை என்று தெரிந்த உடனே பாதிச் சாப்பாடு வருகிறது, கூடவே சாவி போகிறது. உன் இருபது நிமிடப் படத்தில் இது இருக்கிறதா? இருக்காது. உன் படத்து ஏழைகள் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் திரும்பி உட்காருவதில் மும்முரமாக இருப்பார்கள்.

ஒரே ஒரு வேலை செய். வீடியோவுக்கு மேலே, முதல் வரியில், 'இது நடிப்பு, என் அம்மா வேலையில் இருக்கிறார், யாரிடமும் கை நீட்டியதில்லை' என்று பெரிதாகப் போடு. அவள் சொன்னால் நம்ப மாட்டார்கள். நீ சொன்னால் நம்புவார்கள். அவளிடம், 'நீயே அவன்கிட்ட கேளேன்' என்றேன். 'அவனுக்குத் தெரிஞ்சா போட்டுடுவான். நான் எதுக்குக் கேக்கணும்?' என்றாள்.

உனக்குத் தெரிவித்துவிட்டேன்.

மாமா


மார்ச் 24

அன்புள்ள மாமா,

படித்ததும் கஷ்டமாக இருந்தது. அந்தப் பட்டறைப் பெண்களை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. ஒரு படத்துக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்கு நான் எப்படிப் பொறுப்பு?

போடுகிறேன். கண்டிப்பாகப் போடுகிறேன். ஆனால் இப்போது முடியாது. கூட்டு நிதியின் விதியைப் புரிந்துகொள்ளுங்கள்: மாதக் கடைசிக்குள் மொத்த இலக்கும் சேராவிட்டால், வந்த பணம் அத்தனையும் கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போய்விடும். எனக்கு ஒரு காசு தேறாது. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. இந்த நேரத்தில் 'அம்மா நன்றாக இருக்கிறார்' என்று போட்டால் யார் தருவார்கள்? தந்தவர்களும் பிடுங்கிக்கொள்வார்கள். நான் பொய் எதுவும் எழுதவில்லை. அவர்களாக நினைத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு.

மாதம் முடிந்த மறுநாளே போட்டுவிடுவேன். அதுவரை சமாளிக்கச் சொல்லுங்கள். அவள் எதையும் சமாளிப்பாள். உங்களுக்கே தெரியும்.

மருமகன்


ஏப்ரல் 6

வெற்றி வீரனே,

இலக்கைத் தாண்டிவிட்டாயாம், பல் டாக்டரம்மா சொன்னார். வாழ்த்துகள். வானத்திலிருந்து நான் பூமாரி பொழிவதாக நினைத்துக்கொள், எனக்கு இங்கே கிளட்ச் பிளேட் போய்விட்டது, வர முடியவில்லை.

உன் மறுப்பையும் பார்த்தேன். எறும்பு கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிற அளவு எழுத்தில், நன்றி சொன்ன பட்டியலுக்கும் கீழே, ஒளித்து வைத்திருக்கிறாய். பரவாயில்லை. அதற்கு இப்போது வேலை இல்லை.

மாதக் கடைசி வாரத்தில் இரண்டு கட்டு நூல் கணக்கில் குறைந்தது. சாவியே கையில் இல்லாதவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதுதான் விஷயம். சாயங்காலம் வாசலில் எல்லார் பையையும் சும்மா பார்த்த காவலாளி, இவள் பையை மட்டும் உள்ளே கைவிட்டுத் துழாவினான். வரிசையில் அவளுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். உன் அம்மா பையை வாங்கி, அவன் மேசைமேல் கவிழ்த்துக் கொட்டினாள். மூக்குக் கண்ணாடி, டப்பா, ஒரு சீப்பு, உன் போட்டோ. ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. நூல் தப்பாக எண்ணப்பட்டது என்று பிறகு தெரிந்ததாம்.

என் வீட்டுக்கு வா என்றேன். 'அடுத்தவங்க சாப்பாட்டைச் சாப்பிட்டது போதும்' என்றாள். வேறு இரண்டு பட்டறையில் கேட்டுப் பார்த்தாள். ஒன்றில், 'நீங்க அந்த வீடியோ அம்மாதானே?' என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள்.

பயிற்சிக் காரில் என் பக்கத்திலும் எப்போதும் ஒரு பிரேக் இருக்கும் மருமகனே. ஓட்டுகிறவன் எவ்வளவு முட்டாளாக இருந்தாலும் நான் மிதித்தால் வண்டி நிற்கும். அதை நம்பித்தான் இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கியிருக்கிறேன். உன் வண்டியில் அது இல்லை என்று எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

மாமா


மே 20

அன்புள்ள மாமா,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அம்மாவுக்கு போன் செய்தேன். 'நல்லா இருக்கேன், நீ வேலையைப் பாரு' என்று மட்டும் சொல்கிறாள். கோபப்பட்டாலாவது பதில் சொல்லலாம்.

படம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. அந்தத் தாய் வேஷத்துக்கு ஒரு நாடக நடிகையைப் போட்டேன். பெரிய பேர். என்ன செய்தும் ஒட்டவில்லை மாமா. பாத்திரத்தைத் தொடும்போது தேநீர்க் கோப்பையைத் தொடுவதுபோல் தொடுகிறார். பணம் தந்தவர்களோ தினம் ஒரு செய்தி அனுப்புகிறார்கள்: 'அந்த அம்மா எங்கே? அந்த முகத்துக்காகத்தானே கொடுத்தோம்?' கூட வேலை செய்கிறவர்களும் அதையே சொல்கிறார்கள்.

அம்மா வந்து சில நாள் நடித்துக் கொடுத்தால் படம் பிழைக்கும். இப்போது வேலையும் இல்லையே, அவளுக்கும் ஒரு மாறுதலாக இருக்கும். அந்த நடிகைக்குப் பேசியதை அப்படியே அம்மாவுக்குத் தருகிறேன். இதை நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள். நீங்கள் திட்டி எழுதினாலும் சரி.

உங்கள்,
மருமகன்


மே 28

மருமகனுக்கு,

திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நேற்று உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு வந்ததிலிருந்து திட்டு வரவில்லை.

அவள் இப்போது வீட்டில் தலையணை உறை தைத்துக் கொடுக்கிறாள். மெஷினை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டாள். 'வேலையும் இல்லையே' என்ற இடத்தில் நான் முழுங்கப் பார்த்தேன். 'எதையோ விட்டுட்டியே, அதையும் படி' என்றாள். படித்தேன்.

எழுந்து துப்பட்டாவை உதறிவிட்டு, 'வரேன்னு எழுது' என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது, உன்னிடம் மறைப்பானேன். பெற்ற மனசு, மன்னித்துவிட்டாள் என்று நினைத்து, இந்தப் பெண்களைப் படைத்த கையை முத்தமிடலாம் என்கிற அளவுக்குப் போய்விட்டேன். அப்புறம் அவள் கேட்க ஆரம்பித்தாள்.

காலையில் எத்தனை மணிக்கு வர வேண்டும். சாயங்காலம் எப்போது விடுவார்கள். பஸ் செலவு யாருடையது. மதியச் சாப்பாடு அங்கேயா, கொண்டு வர வேண்டுமா. கூலி தினமா, மொத்தமாகவா. முன்பணம் உண்டா. வாசலில் பையைப் பார்ப்பார்களா.

'உன் பிள்ளை எடுக்கிற படம்மா' என்றேன்.

'ஆமா. அதுக்கென்ன? வேலைக்குப் போறவ கேட்டுட்டுத்தானே போகணும்?' என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் விலை விசாரிக்கிற குரல். 'அன்னிக்குச் சும்மா செஞ்சேன். அன்னிக்கு அவன் கேட்டான், செஞ்சேன். அழுகிற இடம் எத்தனைன்னு கேளு. அதுக்குத் தனியா உண்டான்னும் கேளு. நாலு பேர் காசு குடுக்குற அளவுக்கு அழுவேன்னு ஊருக்கே தெரியுமே.'

வழக்கமாக உன் கடிதம் வந்தால், மெலிந்துவிட்டானா, இருமல் போச்சா, எங்கே சாப்பிடுகிறான் என்று என்னை ஒரு வழி பண்ணிவிடுவாள். உனக்கே தெரியாததையெல்லாம் நான் இட்டுக்கட்டிச் சொல்லி சமாதானம் செய்திருக்கிறேன். நேற்றும் தயாராகத்தான் போனேன். நீ இரண்டு கிலோ ஏறிவிட்டாய் என்று வைத்திருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. மெஷினைத் திரும்ப ஓட்ட ஆரம்பித்துவிட்டாள்.

நான் செருப்பு மாட்டும்போதுதான் உள்ளேயிருந்து கூப்பிட்டு ஒன்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நீதான் முதலாளி, நீயே எழுது.

அங்கே மற்றவர்களுக்கு முன்னால் உன்னை என்னவென்று கூப்பிட வேண்டும் என்று கேட்டாள்.

இப்படிக்கு,
உன் அம்மாவின் அண்ணன்