என் வாயில் குடியிருப்பவை

மே 6, திங்கள்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. புளியங்கூடல் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற இருபது நிமிடத்தில் முகமெல்லாம் புழுதி. காலையிலேயே பல் முரசில் இரத்தம். நாக்கில் வெள்ளைப் படலம், திரும்பவும்.

வேலைக்குப் போனால், கந்தோரில் நான் இருக்கும் கதிரையைக் காணோம். கவுண்டரிலிருந்து எடுத்துப் பின்னறையில், பழைய பைல்களுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். மனேச்சர் சிவபாதம் முகம் நிறையச் சிரிப்பு.

"தங்கச்சி, அங்கையெண்டால் உமக்குக் காத்து நல்லா வரும்."

பின்னறையில் ஜன்னலே கிடையாது. பொய்யையாவது கொஞ்சம் யோசித்துச் சொல்லக்கூடாதா? உண்மைக் காரணத்தைப் பியோன் சொன்னான். உரப் படிவத்துக்கு வருகிறவர்கள் முறைப்பாடாம். நான் கதைத்தால் வாய் நாறுகிறதாம். முறைப்பாட்டில் முதல் கையெழுத்து வைத்தவரின் பல்லில் முப்பது வருட வெற்றிலைக் காவி.

நாளுக்கு நாலு தரம் பல் தீட்டுகிறேன். ஐந்து வருடமாக.

இதுவரை கிடைத்த வைத்தியங்கள்:
உப்புத் தண்ணீர் (எல்லோரும்).
வேப்பங்குச்சி (பஸ் கொண்டக்டர், நான் கேட்காமலே).
செவ்வாய் விரதம்.
கலியாணம் (மனேச்சரின் மனைவி. அவவுக்கு அதனால் என்ன சுகம் வந்தது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.)

மே 9, வியாழன்

அரை நாள் லீவு. பல் கிளினிக்.

பழைய டொக்ரர் மாறிப் போய்விட்டார். நல்லது. என் கொப்பியில் "ஒழுங்காகப் பல் தீட்டவும்" என்று ஐந்து வருடமாக எழுதியதைத் தவிர அந்த மனிதர் வேறொன்றும் செய்ததில்லை. புதிதாக வந்திருப்பது ஒரு பெண். மட்டக்களப்பு. பார்த்தால் ஏ.எல் படிக்கிற பிள்ளை மாதிரி. இதுவும் எனக்குத் தீட்டப் பழக்கப் போகிறது என்றுதான் வாயைத் திறந்தேன்.

நெடுநேரம் பார்த்தாள். பிறகு வாயை விட்டுவிட்டு நெஞ்சைப் பற்றிக் கேட்டாள்.

"நியூமோனியா வந்திருக்கா?"

இரண்டு தரம்.

"காது?"

சின்ன வயதிலிருந்து சீழ். தடிமன் வந்தால் மாதக்கணக்கு. எல்லாவற்றையும் எழுதினாள். நெஞ்சுக்கு ஒரு டொக்ரர், காதுக்கு ஒருவர், வாய்க்கு ஒருவர் என்று அலைந்தேனே, ஒருவராவது மற்றதைக் கேட்டார்களா? எல்லோரும் படித்தவர்கள். குளிசை எழுதத் தெரியும்.

"தீட்டாததால வந்ததில்ல இது," என்றாள். "நீங்க தீட்டித் தீட்டி முரசத் தேச்சு வெச்சிருக்கீங்க."

கண் நிறைந்துவிட்டது. சனியன் பிடித்த கண். மேலே இருந்த லைற்றைச் சாட்டினேன்.

இரத்தம் எடுத்தார்கள். அது கொழும்புக்குப் போக வேண்டுமாம். ஒரு மாதம் செல்லும்.

மே 12, ஞாயிறு

தொரன்ரோவிலிருந்து அண்ணன், வீடியோ கோலில். இரத்தப் பரிசோதனை பற்றி அம்மா சொல்லியிருக்கிறா.

"உதுகளை ஊர் முழுக்கச் சொல்லித் திரியாதை. நாளைக்கு நான் ஒரு பிள்ளையைக் கட்டிக் குடுக்க வேணும்."

அந்தப் பிள்ளைக்கு வயது ஒன்பது.

பின்னாலிருந்து அவன் மனைவி, என் மச்சாள், தலையை நீட்டினா. "நல்ல மவுத்வொஷ் அனுப்பிவிடட்டே, மச்சாள்?"

போன வருடம் அனுப்பிய மூன்று போத்தலும் கக்கூசில் இருக்கின்றன. தரை கழுவ நல்லது.

யூன் 11, செவ்வாய்

வெக்கை. முடிவு வந்துவிட்டது.

என் இரத்தத்தில் பிறபொருளெதிரி, நோயை எதிர்க்கிற அன்ரிபொடி, மிகக் குறைவு. ஒரு வகை இல்லையென்றே சொல்லலாம். பள்ளிக்கூடத்தில் பாடமாக்கி எழுதிய சொல். என்னிடம் அது இல்லையென்று அப்போது யாருக்குத் தெரியும்?

பல் டொக்ரர் ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். "எல்லாரிட வாய்க்குள்ளயும் நுண்ணங்கி இருக்கு, நூத்துக்கணக்கான வகை. துப்பலில இருக்கிற பிறபொருளெதிரி அதுகளில போய் ஒட்டி, ஒரு கட்டுக்குள்ள வெச்சிருக்கும். உங்களுக்கு அது இல்ல. குறைவா இருக்க வேண்டியதுகள் பெருகிட்டு. அந்த வெள்ளப் பங்கசும் அப்படித்தான்."

"அப்ப நான் தீட்டினதெல்லாம் வீணோ?"

"தீட்டாம விட்டிருந்தா இண்டைக்குப் பல்லே இருந்திருக்காது."

இனி மாதத்துக்கொரு தடவை யாழ்ப்பாணம் போய், பிறர் இரத்தத்திலிருந்து பிரித்த பிறபொருளெதிரியை நாளத்தில் ஏற்ற வேண்டும். அது நெஞ்சைக் காக்குமாம். வாய்க்கு அவ்வளவாக உதவாது. துப்பலில் வருவது வேறு வகை, அதை ஏற்ற வழியில்லை. இதையும் பூசி மெழுகாமல் சொன்னாள். இவ்வளவு காலத்தில் எனக்கு மரியாதை வந்த ஒரே டொக்ரர்.

கடைசியாக: "சில குடும்பத்தில தொடர்ந்து வாறதும் இருக்கு. கூடப் பிறந்தவங்களுக்குச் சொல்லி வைங்க."

பஸ்ஸில் அழுதேன். நோயென்று தெரிந்ததற்குச் சந்தோஷப்பட்டு அழுகிற விசரி நான் ஒருத்திதான்.

பக்கத்துச் சீற் மனிசி: "ஆர் செத்தது, பிள்ளை?"

"ஒருத்தருமில்லை."

ஏமாற்றத்துடன் மற்றப் பக்கம் திரும்பிவிட்டா.

யூன் 12, புதன்

றிப்போட்டை மனேச்சரின் மேசையில் வைத்தேன். பேனை நுனியால் தள்ளிப் பார்த்தார்.

"இது தொத்துமோ?"

"தொத்தாது ஐயா. உங்களிட்டை இருந்து எனக்குத்தான் ஏதும் தொத்தும். நீங்கள் இருமினால் நான்தான் தள்ளி நிக்க வேணும்."

இருமல் வந்தது அவருக்கு. வாயைப் பொத்திக்கொண்டு அடக்கினார். முகம் சிவந்து கண்ணெல்லாம் தண்ணீர். ரசித்தேன்.

அண்ணனுக்கும் றிப்போட்டைப் படமெடுத்து அனுப்பினேன், டொக்ரர் சொன்னதையும் எழுதி. பார்த்திருக்கிறான். பதில் இல்லை. கோழை.

யூன் 16, ஞாயிறு

காற்று இரைச்சல். காலை ஆறரை. தேத்தண்ணி கூட இன்னும் குடிக்கவில்லை, போன். மச்சாள். அங்கே இரவு ஒன்பது மணியாகும்.

குளியலறைக்குள் நின்று, பைப்பைத் திறந்துவிட்டு, குசுகுசுவென்று கதைத்தா.

"மச்சாள், இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. நான் உங்கடை றிப்போட்டை இவற்றை போனிலை பாத்தனான்."

"பாத்து?"

"பிள்ளைக்கு இந்த வருசம் மூண்டு தரம் காதுக்குள்ளை சீழ். இப்ப ரெண்டு கிழமையா வாயெல்லாம் வெள்ளை. நான் பல்லுத் தீட்டேல்லை எண்டு ஏசினனான். நேற்று..."

தண்ணீர் ஓடுகிற சத்தம்.

"நேற்று அடிச்சும் போட்டன், மச்சாள்."

இந்த மனிசிக்குச் சொல்லவென்று பதினைந்து வருடமாகச் சேர்த்து வைத்த சொற்கள் என்னிடம் உண்டு. ஒன்றும் வாயில் வரவில்லை.

"இதுவாத்தான் இருக்க வேணுமெண்டில்லை," என்றேன். "ஆனால் நாளைக்கே டொக்ரரிட்டைக் கொண்டு போங்கோ. அண்ணனுக்குச் சொல்ல ஏலாட்டில் நான் சொல்லுறன். இப்ப பிள்ளையைக் கூப்பிடுங்கோ."

வந்தாள். பைஜாமா, ஈரத் தலை. தாய் போன் வெளிச்சத்தைப் பிடிக்க, வாயைத் திறந்தாள். கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் ஓரம், அதே வெள்ளை.

வாயை மூடியதும் முதல் வேலையாக, அவசரமாக, தாயைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"மாமி, நான் தீட்டினனான்."

"தெரியும், பிள்ளை."