பக்க அளவைக் கேட்கும் வரி

மேசை இழுப்பறையைத் திறந்தால் உன் பூதக்கண்ணாடி கிடக்கிறது. கைப்பிடியில் இன்னும் தலைவலித் தைல வாசம். நெற்றியில் தேய்த்த விரலோடு எதையும் தொடுவாய். "கையக் கழுவுடி" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்! நீ போய் இரண்டு வருடமாகிறது. எனக்கு இன்று ஆத்திரம் அடங்கவில்லை.

காலையில் நம் பாஸ், புதிதாகச் சேர்ந்தவர்களை உட்கார வைத்துப் ஒரு பழைய கோளாறு பற்றிய அறிக்கையைத் திரையில் போட்டார். "கவனக் குறைவா இருந்தா இப்படித்தான் ஆகும்" என்றார். அதில் உன் பெயர். செத்துப்போனவளைக் கூட்டிவந்து நிறுத்தித் திட்டுவதற்கு ஒரு மனுஷனுக்கு எவ்வளவு திமிர் வேண்டும்!

அம்பாங்கான் ஊரில், கடை மாடிப் பட்டறையில் நாம் இருவரும் செய்த பெட்டி, எஸ்டேட் தோட்டங்களில் தண்ணீர்ப் பம்பை நேரத்துக்கு ஓட்டுவது. அதற்குள் ஒரு ஃபிளாஷ் சிப். அதில் ஏற்றும் கோப்புகளை ஒரே தொகுப்பாக, இமேஜாகக் கட்டும்போது பக்க அளவு சொல்லியாக வேண்டும். சிப் ஒரு தடவையில் எத்தனை பைட் எழுதும் என்பதுதான் அது. நம் சிப்புக்கு 2048. அளவு தப்பினால் பெட்டி கண்ணே திறக்காது. நீயோ கண்ணாடியைப் பிடித்து ஒவ்வொரு சிப்பின் முதுகிலுள்ள பொடி எழுத்தையும் படிப்பாய். அதுவும் போதாதென்று, ஏற்றும் நிரலில் ஒரு வரி எழுதி வைத்தாய். அது சிப்பிடமே பக்க அளவைக் கேட்கும்; பொருந்தாவிட்டால் வேலையை நிறுத்திவிடும். "பேப்பர் ஆயிரம் சொல்லும். சிப்பக் கேளு லா" என்பாய்.

நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரம், வாங்கி வந்த சிப்புகளில் பாதி வேறு மாதிரி. கொள்ளளவு அதேதான், பக்கம் மட்டும் 4096. உன் வரி சரியாக நிறுத்தியது.

"எல்லாம் சேம்தானே! அந்த வரிதான் கோளாறு, தூக்கு. லோரி கீழ நிக்குது" என்றார் பாஸ்.

"அவள ஒரு வார்த்த கேட்டுட்டு…"

"அவ ஆஸ்பத்திரில கெடக்கா. தூக்குன்னா தூக்கு."

தூக்கினேன். அவர் ஒரே ஒரு பெட்டியைப் போட்டுப் பார்த்தார். அதில் பழைய சிப், ஓடியது.

ஓடாத பெட்டிகளில் ஒன்று, வேறெங்கும் போகாமல், கோலா பிலா பக்கம் நாம் பிறந்த தோட்டத்துக்கே போனது. தோட்டத்து மேற்பார்வையாளர், மண்டோர், மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் பம்பு ஓடவில்லை. லயத்து வீடுகளில் இரண்டு நாள் சொட்டுத் தண்ணீர் இல்லை. உன் அம்மா ஆற்றிலிருந்து வாளி சுமந்தார். "ஒம்மவ செஞ்ச பொட்டியாமே?" என்று குழாயடியில் பெண்கள் கேட்டார்களாம். கையில் ஆஸ்பத்திரிப் பட்டையோடு நீ வந்து, 4096 போட்டு இமேஜைத் திரும்பக் கட்டி, தண்ணீர் வரவைத்தாய். பாஸ் எழுதிய அறிக்கையோ, பக்க அளவைத் தவறாக வைத்தது நீ என்றது.

"நா உண்மையச் சொல்லிடுறேன்டி" என்றேன்.

"ஒனக்குப் புள்ளைங்க இருக்கு. நா எப்படியும் வேலைய விடப்போறேன். விடு."

யாரடி கேட்டது உன் பெருந்தன்மையை? உன் மேலும் கோபம்தான். நீ சொன்னாய் என்று வாயை மூடிக்கொண்டேனே, அது நன்றியுமில்லை, மரியாதையுமில்லை. பச்சைக் கோழைத்தனம். அந்த வரியைத் திரும்பப் போடவும் பாஸ் விடவில்லை. போட்டால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடுமே!

இன்று எழுந்து நின்றேன். "பாஸ், அந்த வரிய அழிச்சது நான். அழிக்கச் சொன்னது நீங்க."

"உள்ள வா, பேசிக்கலாம்."

"இங்கயே பேசுங்க."

புதிதாக வந்த ஒரு பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்புறம் ஏன்க்கா அவங்க பேரு இருக்கு?" பாஸ் திரையை அணைத்துவிட்டார்.

நான் நேராக மேசைக்கு வந்து உன் வரியைத் திரும்பப் போட்டேன். மதியம் மூன்றாவது பெட்டியிலேயே அது நிறுத்தியது. "லோரி வந்திருச்சு!" என்று பாஸ் குதித்தார். "நிக்கட்டும்" என்றேன். கண்ணாடியை எடுத்துச் சிப்பின் முதுகைப் படித்தேன். என் விரலிலும் இப்போது உன் தைலம்.

நாளை ஞாயிறு. கோலா பிலாவுக்குப் போகிறேன். உன் அம்மாவிடம் வீட்டுக்குள் வைத்துச் சொன்னால் போதாது. குழாயடியில் பெண்கள் கூடும் நேரம் பார்த்துப் போய், அன்று கேட்டவர்கள் அத்தனை பேர் காதிலும் விழச் சொல்வேன். "விடு" என்று தடுக்க இந்தத் தடவை நீ இல்லை.