ஸ்டெல்லா டீச்சரின் சனிக்கிழமைக் கூட்டம்

ஜூன் 1, ஞாயிறு

மழை. ரிஸ்வி கடைப் பின்னறை, கோதுமை மா மூட்டைகளுக்கு நடுவே. ஆட்டத்துக்கு வந்தது ரிஸ்வியும் மேரியும் மட்டும். அன்டன் இல்லை. "த்ரீவீலுக்கு ஹயர் ஒண்ணு இருக்குடா" என்றான் போனில்.

கதை நடத்துவது நான், பாத்திரங்களாக உள்ளே போவது அவர்கள். கோட்டை வரைபடம் மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தது. மேரி கிணற்றுக்குள் இறங்குகிறாளாம். அங்கே ஒன்றுமில்லை, வடக்கு வாசலுக்குப் போ என்றேன்.

"சரிங்க கண்டாக்கு அய்யா. எந்த மலைன்னு காலையில பெரட்டுலயே சொல்லிட்டா, நாங்க பாட்டுக்குக் கொழுந்து எடுத்துட்டு வீட்டுக்குப் போயிருவோம்ல?"

தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்து அனுப்பும் கண்டாக்காம் நான். ரிஸ்வி மூட்டை மேல் விழுந்து சிரித்தான். பூதத்தை ஏவி அவளுடைய பாத்திரமான வில்லாளியைக் கொன்றேன். இருபது முக டைஸில் விழுந்தது மூன்று. பதினேழு என்று சொன்னேன்.

ஜூன் 3, செவ்வாய்

அம்மா: "ஏ.எல். படிப்பப் பாதியில விட்ட. கொழும்புக் கடையையும் விட்ட. இந்த வெளையாட்ட மட்டும் விட மாட்டேங்குற."

உண்மை. விடாதது இது ஒன்றுதான்.

ஸ்டாண்டில் அன்டன். த்ரீவீலைத் துடைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல்: "ஸ்டெல்லா டீச்சர் சனிக்கெழமயில இதே ஆட்டத்த நடத்துறாங்கடா. முன்பள்ளியில. செம்மயா இருக்கு. நீயும் வாயேன்."

ஸ்டெல்லா! பெப்ரவரியில் இந்த விளையாட்டையே அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். விதிகள் எல்லாம் என் கொப்பியைப் பார்த்து எழுதியது. சனிக்கிழமை அங்கே ஆட்டம், ஞாயிறு எனக்கு மட்டும் ஹயராம், ஹயர்.

ஜூன் 7, சனி

போனேன். குறை பார்க்கத்தான்.

- வரைபடம் இல்லை.
- விதியில் இரண்டு பிழை.
- பிள்ளைகளின் குட்டி நாற்காலி. முழங்கால் தாடையில் இடிக்கிறது.
- ஏழு பேர். மேரியும்! ஏழு பேர்!!

மூன்று மணிக்குத் தகரக் கூரையில் மழை கொட்டியது. ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. நானென்றால் கத்துவேன். டீச்சர் எழுந்து கரும்பலகையில் எழுதினார்: குகைக்குள் வந்துவிட்டீர்கள். சத்தம் கேட்டால் அது விழித்துக்கொள்ளும்.

மழை விடும்வரை எல்லாம் கைச்சாடை. அன்டன், வாய் ஓயாத அன்டன், மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலால் காட்டினான்: நான் முன்னே போகிறேன். மழை விட்ட பிறகும் ஒருத்தரும் பேசவில்லை. நானும் நாற்காலி கிரீச்சிடாமல் உட்கார்ந்திருந்தேன். கேவலம்.

ஒரு பிள்ளையின் தாய் வந்து கூப்பிட, டீச்சர் வாசலுக்குப் போனார். கொப்பி மேசையில் திறந்தபடி. பார்த்தேன். கதை இருக்கும் என்று நினைத்தேன். வெறும் பெயர்கள்.

மேரி - மூடிக் கிடந்தால் திறந்து பார்ப்பாள். திறக்க ஏதாவது வை.
அன்டன் - சிரிக்க வைப்பான். அவனைப் பயப்பட வைக்கணும்.

அடியில், புதிதாக:

பிரதீப் - நிறையத் தெரியும். யாரும் அவனைக் கேட்பதில்லை. கேட்கணும்.

திரும்பி வந்ததும் கேட்டார். "பிரதீப் தம்பி, கதவு ரெண்டு இருக்கு. நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

இடது என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

நல்ல வெயில். அதே குகை வித்தையை நானும் செய்தேன். "யாரும் பேசக்கூடாது!"

ரிஸ்வி வெளியே எட்டிப் பார்த்தான். "மழ எங்கடா?"

மேரி வரவே இல்லை.

ஜூன் 12, வியாழன்

பல் வலி. கிராம்பு.

டீச்சரிடமிருந்து போன். சனிக்கிழமை நுவரெலியாவில் பயிற்சி வகுப்பாம். "ஒரு வாரத்துக்கு நீங்க நடத்துறீங்களா தம்பி? எனக்கு வேற யாரையும் தோணல."

பார்க்கிறேன் டீச்சர் என்றேன். வைத்தவுடன் கட்டிலில் குதித்தேன். பிறகு யோசனை: இந்தக் கரிசனையும் அந்தக் கொப்பியில் இருந்து வந்ததுதானா?

ஜூன் 14, சனி

மூடுபனி. பத்துப் பக்கம் எழுதிக்கொண்டு போனேன். முதல் பக்கத்திலேயே பாலம், பாலத்தில் பூதம். சண்டை போடுவார்கள் என்று எழுதியிருந்தேன்.

அன்டன்: "நான் சண்ட போடலடா. பூதத்துக்கிட்ட வேல கேக்குறேன்."

கோபம்தான் வந்தது. பத்துப் பக்கம் வீண். கொல்லலாம், டைஸ் என் கையில். மேசையைச் சுற்றி ஏழு முகம் என்னையே பார்த்தது.

"என்ன வேல தெரியும் ஒனக்கு?" என்றேன், பூதக் குரலில்.

"பாலத்துக் கேட்டத் தொறப்பேன், மூடுவேன். லீவு இருக்கா அய்யா?"

"நான் ஆளத் திங்கிற அன்னைக்கி மட்டும்."

"அப்ப அன்னைக்கி நான் வரலைங்க!"

மேரி மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். அதன் பிறகு ஒருவர் விடாமல் பூதத்திடம் வந்தார்கள். ஒருத்திக்குச் சமையல்காரி வேலை. மேரி பூதத்தின் பெட்டியைத் திறந்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளையே கேட்டேன். பூதத்தின் அம்மா எழுதிய கடிதமாம். பத்துப் பக்கம் என் தொடைக்கு அடியிலேயே கிடந்தது. ஆறு மணியானது தெரியவில்லை.

வெளியே வந்ததும் அன்டன் தோளில் கை போட்டான். "நாளைக்கி ஒன்னோட ஆட்டத்துக்கும் வர்றேன்டா. மேரியும் வருதாம். அப்பிடியே ஸ்டெல்லா டீச்சர் மாதிரியே நடத்துற!"

த்ரீவீலில் ஏறச் சொன்னான். அவருக்கே சொல்லிக்கொடுத்தவன் நான்! நடந்தே வந்தேன்.