நான்காம் பொறி

பிப்ரவரி 12

இன்றும் வெயில். குளிர்காலம் என்று ஒன்று வந்ததா என்றே சந்தேகம். ஆபீஸ் வண்டி இன்னும் ஒர்க்‌ஷாப்பில்தான். பழ ஈப் பொறிகள் பன்னிரண்டையும் நடந்தே சுற்றி வந்தேன். விழுந்த ஈக்களை நான் எண்ணி எழுத வேண்டும், அதிகாரி அறிக்கை போடுவார். மாந்தோப்புக்காரர்கள் அதைப் பார்த்துத்தான், ஈ முட்டையிடுவதற்குள் காய்க்கு உறை கட்டுகிறார்கள்.

நான்காம் பொறி அண்ணன் தோப்பில். அவன் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அது என் வேலையாம். இரண்டு வருடமாகப் பழமெல்லாம் புழு. "இந்த வருஷமும் போச்சுன்னா மரத்தையெல்லாம் வெட்டிடுவேன்" என்றான். சொன்னால் செய்கிறவன்.

மார்ச் 5

முழங்கால் வீங்கிவிட்டது, போகவில்லை. போன வருடப் பக்கத்தைப் பார்த்து அப்படியே எழுதினேன். நான்காம் பொறி: பூஜ்யம். ஆறு வருடமாக இந்த வாரம் பூஜ்யம்தானே? ஈக்கு மட்டும் என்ன அவசரம்?

மார்ச் 12

மறுபடியும் பூஜ்யம். கை கூசவில்லை.

மார்ச் 14

அண்ணன் போன் செய்தான். "ஒரே புழுக்கமா இருக்கு. உறை கட்டிடவா?"

"இன்னும் மூணு வாரம் இருக்குண்ணா."

"நீ சொன்னா சரி."

ஏப்ரல் 2

இன்றுதான் போக முடிந்தது. நான்காம் பொறியில் நூற்று எண்பது வரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன். அண்ணி ஒரு காயை அறுத்துக் காட்டினாள். உள்ளே வெள்ளை வெள்ளையாக நெளிந்தது. சூட்டில் ஈக்கள் ஒரு மாதம் முன்பே கிளம்பியிருக்கின்றன, பாவிகள். பாவி நான்தான்.

அண்ணன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நீ என்னம்மா பண்ணுவ, காலமே மாறிப்போச்சு" என்கிறான். காலமாம்! ஐயோ, அது நான்தாண்ணா — சொன்னேனா? தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 20

அதிகாரிக்கு ஒரே மகிழ்ச்சி. "மார்ச் கணக்கு போன வருஷத்தோட அச்சு அசலா ஒத்துப்போகுது. சூடு ஏறினாலும் இங்க ஈ வர்ற காலம் மாறலன்னு எழுதிடலாம்." தலையாட்டினேன். அதற்குத்தானே சம்பளம்.

மே 17

மரம் அறுக்கும் சத்தம் ரோடு வரை கேட்டது. பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.

மார்ச் 5, மறு வருடம்

பன்னிரண்டுக்கும் நடந்தேன். மற்ற பதினொன்றிலும் ஐம்பதுக்குக் குறைவில்லை, அத்தனையும் உள்ளபடி எழுதினேன். அண்ணன் இடம் வெறும் பொட்டல். பொறியை மட்டும் வேலிக் கம்பியில் மாட்டி வைத்திருக்கிறான். "உனக்கு வேணுமேன்னு எடுத்து வெச்சேன்" என்றான். திறந்து பார்த்தேன்.

நான்காம் பொறி: பூஜ்யம்.