நீங்கள் பிரிக்காமல் விட்ட கை

சம்பந்தியம்மா,

நேற்றுச் சாயங்காலம் நம் டிவித் தொடரில் அந்தப் பெண் இன்ஸ்பெக்டர் மறுபடியும் தனியாகவே போனாள். பாழடைந்த சாயப்பட்டறை, உள்ளே கொலைகாரன் இருப்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் துப்பாக்கியை ஜீப்பிலேயே வைத்துவிட்டு, யாருக்கும் ஒரு போன்கூடப் போடாமல் கதவைத் தள்ளுகிறாள். எனக்கு வாய் நிறையத் திட்டு வந்தது. உங்கள் பக்கம் திரும்பினேன். நீங்கள் உட்காரும் இடத்தில் பனியன் கட்டு ஒன்று கிடந்தது.

என் மகளை உங்கள் மகனுக்குக் கொடுத்த புதிதில் நமக்குள் என்ன பேச்சு இருந்தது? “நல்லா இருக்கறீங்களா”, “காப்பி குடிங்க”, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் போன பிறகு அவிநாசியை விட்டு உங்கள் வேலம்பாளையத்துக்கே குடிவந்தேன். ஒரு நாள் நீங்களே வாசலில் வந்து நின்றீர்கள். “ஊட்டுல தனியா உக்காந்து என்னங்க பண்றீங்க? வாங்க, பிசிறு வெட்டலாம்” என்று அழைத்துப்போய் என் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தீர்கள். தைத்து வந்த பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டிக்கொண்டே தொடர் பார்ப்போம். ஒரு நாள் அதில் வந்த பெண், சாட்சி தன்னிடம் இருப்பதைக் கொலைகாரனிடமே போய்ச் சொன்னாள். “அட அறிவு கெட்டவளே!” என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். சம்பந்தி மரியாதையெல்லாம் அன்றோடு போயிற்று.

“ஏனுங்க, இதை எழுதறவன் மனுசங்களையே பாத்ததில்லீங்களா? யாராச்சும் இப்படிப் பண்ணுவாங்களா?” என்று கேட்காத நாளே உங்களுக்குக் கிடையாது. நானும் ஒத்துப் பாடுவேன்.

அவிநாசி கோயிலுக்குப் போய்விட்டு உங்கள் ஸ்கூட்டரில் திரும்பிய அந்தக் காலையை நினைக்கிறேன். நுங்கு வாங்க வண்டியை ஓரம் கட்டினீர்கள். நான் பின்சீட்டிலிருந்து இறங்குவதற்குள் பைக்கில் ஒருவன் வந்து உங்கள் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு பறந்தான். நீங்கள் தள்ளாடி நின்றீர்கள். கழுத்தில் ரத்தம் கோடு போட்டிருந்தது. அவன் அடுத்த வளைவைத் தாண்டவில்லை. கொட்டிக்கிடந்த மணலில் பைக் சறுக்கி, தூக்கியெறியப்பட்டு விழுந்தான்.

நாம் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் கையில் கட்டை. நீங்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனீர்கள்.

“அடிக்காதீங்க சாமி! தள்ளி நில்லுங்க! ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க!”

தார் ரோட்டில் அப்படியே உட்கார்ந்தீர்கள். முந்தானையை விரித்து அவன் முகத்துக்கு நிழல் பிடித்தீர்கள். அவன் மணிக்கட்டு திரும்பாத பக்கம் திரும்பிக் கிடந்தது. மூடிய விரல்களுக்கு வெளியே உங்கள் கொடி தொங்கியது. நான் குனிந்து அதை எடுக்கப் போனேன்.

“வேண்டாங்க, உடுங்க. கை ஒடிஞ்சிருக்குது.”

“உங்க தாலிங்க அது!”

“இருக்கட்டுமுங்க.”

அவன் முனகுவதை நிறுத்திவிட்டு உங்களையே பார்த்தான். ஆம்புலன்ஸ் வந்தது. கொடி அவன் கையில் இருக்கும்போதே அவனை ஏற்றி அனுப்பினீர்கள். நம் தொடரில் எவளாவது இப்படிச் செய்திருந்தால் கத்தரிக்கோலை டிவி மேல் எறிந்திருப்போம் என்று அப்போதே தோன்றியது. ஆனால் உங்கள் பக்கத்தில் நிற்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது, கோயிலில் கருவறைக்கு மிக அருகில் போய்விட்டதுபோல.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டபோது எடுத்த கொடியைப் போலீஸ்காரர்கள்தான் பிறகு தந்தார்கள். அன்று ஸ்டேஷனில் உங்கள் வாக்குமூலத்தை எழுதிய அதிகாரி பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, கண்ணு முன்னால இருக்கற நகையை எடுக்காம விட்டேன்னா, யாரும்மா நம்புவாங்க?”

“ஒடிஞ்ச கையைப் பிரிச்சா வலிக்குமுங்களே” என்றீர்கள்.

அவர் நீங்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில், “பயமா இல்லீங்களா?” என்று கேட்டேன். “பயமாத்தானுங்க இருந்துச்சு. ஊட்டுல அவர்கிட்ட என்ன சொல்றதுன்னு இன்னும் பயம்” என்று சிரித்தீர்கள். அன்று சாயங்காலம் கழுத்தில் மருந்தோடு உட்கார்ந்து தொடர் பார்த்தீர்கள். கொலைகாரனுக்கு ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். “பாருங்க, அறிவே இல்லீங்க இவளுக்கு! யாராச்சும் பண்ணுவாங்களா?” என்று நிஜக் கோபத்தோடு கேட்டீர்கள். நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதற்குச் சிரிக்கிறேன் என்று உங்களுக்குக் கடைசிவரை புரியவில்லை. நீங்கள் செய்ததில் ஆச்சரியப்பட ஏதோ இருக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாது. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆச்சரியம்.

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே போய்விட்டீர்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் உங்கள் கைச் சமையலைப் பற்றியும் உங்கள் சுறுசுறுப்பைப் பற்றியும் பேசினார்கள். அந்தத் தார் ரோட்டில் நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது என்னோடு பிசிறு வெட்ட, பக்கத்து லைன் வீட்டிலிருந்து திருநெல்வேலிக்காரப் பெண் ஒருத்தி வருகிறாள். நேற்றுத் தொடர் முடிந்ததும் முதல் தடவையாக உங்கள் கதையை ஒருவரிடம் சொன்னேன். அவள் வெட்டுவதை நிறுத்திவிட்டாள்.

“சும்மா கதை விடாதீங்கக்கா. அப்படியும் ஒருத்தர் செய்வாவளா?”

“செஞ்சாங்க கண்ணு,” என்றேன். “நான் பக்கத்துல நின்னு பாத்தேன்.”