உன் பெயரில் ஊதியவள்

சமுதாயக் கூடத்தில் இன்று காலையிலிருந்து ஸ்பிரிட் வாசனை. மூச்சுப் பரிசோதனை செய்ய மறுபடியும் ஆராய்ச்சிக்காரர்கள் வந்திருக்கிறார்கள். மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தேன். அதே மாதிரி மேஜை, அதே மாதிரி ஊதுகுழாய். நீ இருந்திருந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாடி, திரும்பி வந்துட்டாங்களா?" என்று கேட்டிருப்பாய்.

போன முறை வந்தவர்களை நீ கொஞ்சமும் நம்பவில்லை. நானும்தான். கேட்காமலே பிஸ்கட் கொடுக்கிறவர்களை நம் நெட்டுக்குப்பத்தில் யார் நம்புவார்கள்? "நெஞ்சு செரியில்லன்னு தெரிஞ்சா கம்பெனி கேட்டுக்குள்ள வுடுவானா? இவுங்க எழுதறது நேரா காண்ட்ராக்டர் கைக்குத்தான் போவும்" என்றாய். கம்பெனியில் பெருக்குகிற வேலை உனக்கு. மழைக்காலத்தில் பிடித்த இருமல் வெயில் வந்தும் விடவில்லை. அதனால் உன் பெயரில் ஊத உன் தங்கையை அனுப்பினாய். அவள் பலூன் ஊதுவதுபோல் ஊதிவிட்டு வந்தாள்.

நீ மட்டுமா? தெருவில் இருமுகிறவர்கள் எல்லோரும் தம்பியை, மருமகளை, பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பினார்கள். புயல் நிவாரண வரிசையில் ஒருவருக்காக இன்னொருவர் நின்று பழகிய ஊர்தானே. அன்று சாயங்காலம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

முடிவு வந்தபோது சிரிப்பு போய்விட்டது. நம் ஊரில் நெஞ்சுக் கோளாறு குறைவு என்று சொல்லிவிட்டார்கள். வாரா வாரம் நெஞ்சு டாக்டர் இங்கே வருவார் என்றிருந்த பேச்சும் அத்தோடு நின்றது. நீ இருமிக்கொண்டே பஸ் மாறி மாறி பெரியாஸ்பத்திரிக்குப் போனாய். கூலி போய்விடும் என்று பாதி நாள் போகாமலே விட்டாய். போன ஆடியில் உன்னைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அவர்கள் மேலும்தான். ஊதுவது யார் என்று முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டார்களா?

இந்த முறை வந்த டாக்டர் பெண்ணிடம் ஆள் மாற்றிய கதையை நேராகவே சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. "இப்ப என்ன செய்யலாம்க்கா, நீங்களே சொல்லுங்க" என்றாள். அவ்வளவு பணிவாகக் கேட்டதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. இருந்தாலும் சொன்னேன்.

"ஆள் அடையாளம் பாக்க எங்க தெரு பொம்பளைங்க உங்ககூட மேஜையாண்ட குந்துவோம். அவுங்கவுங்க ரிசல்ட்டு அவுங்கவுங்க கைக்கு வரணும். கம்பெனிக்கு ஒரு பேரும் போவக்கூடாது."

சரி என்றாள். அங்கேயே ஊரைக் கூட்டி எல்லோர் முன்னாலும் அதையே சொன்னாள். நான் இன்னும் நம்பவில்லை.

வரிசையில் உன் தங்கை நின்றிருந்தாள். நீ பார்த்த வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். இருமலும் வந்துவிட்டது. என் காதோரம் குனிந்து, "யக்கா, எம்பொண்ண அனுப்பட்டா?" என்று கேட்டாள்.  கையைப் பிடித்து இழுத்து அவளையே உட்கார வைத்தேன். பாதி ஊதுவதற்குள் இருமல் அவளைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் பெண் எதையோ எழுதினாள்.

"இன்னா எழுதின, படிச்சுக் காட்டு" என்றேன். படித்துக் காட்டினாள். நெஞ்சு டாக்டர் என்றைக்கு வருவார் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை என்றாள்.

வெள்ளிக்கிழமை நான் வியாபாரத்துக்குப் போகப் போவதில்லை. நீ விட்டுப்போன சந்தேகம் என்னிடம் அப்படியே இருக்கிறது. அதனால்தான் டாக்டர் வருவதற்கு முன்னாலேயே போய் உட்காரப் போகிறேன், உன் தங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.